மரம் முந்தியா, கம்பி முந்தியா?

டிஸ்கி: நீளமான பதிவு. நடுவுல கொஞ்சம் எலக்ட்ரிகல் பாடம், கொஞ்சம் சட்டம் எல்லாம் வரும். கொசுவத்தி சுத்துற பதிவுன்னு நினைச்சு உள்ள வந்தவங்க ஏமாறக்கூடாதுன்னு முதல்லயே சொல்லிடறேன். ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வாங்க.

2024 செப்டம்பர்ல ஒரு புதன்கிழமை. காலைல பத்து மணி மீட்டிங்ல, நேத்து என்ன புடுங்கினோம், இன்னிக்கு என்ன புடுங்கப் போறோம்னு வரிசையா ஒப்பிச்சிட்டு இருக்கோம். அம்மா போன். கட் பண்ணேன். மறுபடி போன். மறுபடி கட். மூணாவது தடவை எடுத்தா, பின்னாடி மிஷின் ரம்பம் ஓடுற சத்தம். "டேய், வந்துட்டாங்கடா. அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்"ங்கறாங்க. நான் பெங்களூர்ல. வீடு திருச்சிக்குப் பக்கத்துல. என்ன பண்ண முடியும்? "போட்டோ எடுத்து வைம்மா"ன்னேன். அது ஒண்ணுதான் எனக்குத் தோணுச்சு, வெட்கமாத்தான் இருக்கு.

எங்க வீட்டுக் கொல்லையில, காம்பவுண்டு ஓரமா நின்ன நாவ மரம். தாத்தா வெச்சது. வீடு கட்டறதுக்கு முன்னாடியே வெச்சுட்டாராம். ஆனி, ஆடியில எங்க தெருப் பசங்க நாக்கு எல்லாம் ஊதாவா இருக்கும், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும்தான். அப்பாயி கீழ விழுந்த பழத்தை ஊதி ஊதித் தின்னுட்டு ஔவையார் கதை சொல்லும். 'சுட்ட பழம்' மேட்டரை நான் புத்தகத்துல படிக்கல, அந்த மரத்தடி மண்ணுல படிச்சேன். இதுக்கு மேல கொசுவத்தி கிடையாது, மேட்டருக்கு வர்றேன்.

மரத்தை ஏன் வெட்டினாங்க? காம்பவுண்டுக்கு வெளிய 11 கே.வி. லைன் போகுது. மூணு கம்பி. மேல உறை கிறை எதுவும் கிடையாது, வெறும் அலுமினியம், நடுவுல இரும்பு. அதுக்குப் பக்கத்துல மரம் இருந்தா ஆபத்துங்கறாங்க.

ஆபத்துதான். இதை நான் மறுத்தா நான் படிச்ச ஈ.ஈ.ஈ. டிகிரியைத் திருப்பிக் குடுக்கணும் (படிச்சது அது, தட்டுறது ஜாவா, அந்தச் சோகத்துக்குத் தனிப் பதிவே போடலாம்). மழையில நனைஞ்ச கிளை 11,000 வோல்ட் கம்பியில உரசினா கரண்ட் மரத்து வழியா மண்ணுக்கு இறங்கும். சில சமயம் சப்ஸ்டேஷன்ல பிரேக்கர் விழும். விழாமலும் போகலாம், ஏன்னா ஈர மரத்துல ஓடற கரண்ட், பிரேக்கர் ஒரு ஃபால்ட்டுன்னு மதிக்கற அளவுக்கு இருக்கணும்னு அவசியம் இல்லை. அப்போ மரத்தைத் தொட்ட புள்ளையோ மாடோ காலி. அதனால 'உயிர் முக்கியமா, மரம் முக்கியமா?'ன்னு கேக்கத் துடிக்கறவங்க கொஞ்சம் பொறுங்க. உயிர்தான் முக்கியம். கம்பியில உரசுற மரத்தை அப்படியே விடணும்னு சொல்றவன் முட்டாள். நான் கேக்கறது வேற. அந்தக் கம்பியை அந்த மரத்துக்குப் பக்கத்துல கொண்டுவந்தது யாரு?

எங்க வீட்டுல ஒரு போட்டோ இருக்கு. 1981-ல பெரியத்தை கல்யாணம். கொல்லையில பந்தல், பந்தலுக்குப் பின்னாடி நாவ மரம், அப்பவே ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல. மரத்துக்குப் பின்னாடி வெறும் வானம். கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. பின்னாடி இருந்த வயலை பிளாட் போட்டு 'நகர்'னு ஒரு பேர் வெச்ச பிறகுதான் லைன் வந்துச்சு. அப்பா கணக்குப்படி 1987, இல்லாட்டி 88. எதிர்ப்பக்கம் அப்போ காலி நிலம். அந்தப் பக்கம் கம்பம் நட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பதிவே கிடையாது. ஆனா எதிர்ப்பக்கம் பிளாட் விக்கணுமே! பிளாட்டுக்கு முன்னாடி கம்பம் இருந்தா விலை குறையும். மரம் வாய் திறந்து கேக்குமா? கம்பத்தை மரத்துப் பக்கமே நட்டுட்டாங்க.

இனிமேதான் மேட்டரே. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம், 68-வது பிரிவு. அதுல அஞ்சாவது உட்பிரிவு என்ன சொல்லுதுன்னா, மேல்நிலைக் கம்பிக்கு மரம் இடைஞ்சலா இருந்தா, மின்சாரம் குடுக்கற நிறுவனம் நிர்வாக நடுவர்கிட்டயோ அரசு குறிச்ச அதிகாரிகிட்டயோ விண்ணப்பம் போடணும். அவர் உத்தரவு போட்டு மரத்தை எடுக்க வைக்கலாம். அடுத்த உட்பிரிவைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் படிங்க. கம்பி போடறதுக்கு முன்னாடியே இருந்த மரம்னா, அந்த மரத்துக்கு உரியவருக்கு நியாயமான இழப்பீட்டை அதே நடுவர் நிர்ணயிக்கணும், அதை அந்த நிறுவனத்துகிட்ட இருந்து வசூலிக்கவும் செய்யலாம்.

அதாவது மரம் முந்தியா கம்பி முந்தியாங்கறது நான் கிளப்பற வீம்புக் கேள்வி இல்லை. சட்டமே கேக்கற கேள்வி. சட்டம் எழுதினவங்களுக்கு, முந்தி வந்தவனுக்கு ஒரு மரியாதை இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கற நமக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் ஏன் எங்களுக்கு நடுவரும் வரல, உத்தரவும் வரல? அதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. வந்த ஆபீசர் ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டியிருக்கார். 'எங்கள் வீட்டு மரத்தை எங்கள் சம்மதத்தின் பேரில் அகற்றிக்கொள்ள ஆட்சேபணை இல்லை'ன்னு அப்பா கையாலேயே எழுதி வாங்கிட்டாங்க. சம்மதம் வந்துட்டா விண்ணப்பம் எதுக்கு? விசாரணை எதுக்கு? இழப்பீடு எதுக்கு? ஒரு சட்டத்தையே ஒரு ரூபாய் பேப்பர்ல மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுட்டுப் போயிட்டார் மனுஷன். அப்பா ஏன் போட்டார்னு நான் கோபமாக் கேட்டேன். "புயல்ல அது விழுந்து யாருக்காச்சும் ஏதாச்சும் ஆனா கேஸ் உங்க மேலதான் வரும்னு சொன்னாங்கப்பா"ன்னார். ரிட்டயர் ஆன வாத்தியார். வாழ்க்கையில ஒரு தடவை கூட போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவர். இந்த ஒரு வரி போதாதா அவருக்கு?

இதுல எனக்கு வயிறு எரியற இன்னொரு விஷயம். "மரம் உங்க வீட்டுப் பக்கமா சாஞ்சு நிக்குது சார், கம்பிக்காக மட்டும் இல்ல, உங்க நல்லதுக்கும்தான் சொல்றோம்"னு வேற சொல்லியிருக்காங்க. ஏன் சாஞ்சுது? முப்பது வருஷத்துக்கு மேலா, மழைக்கு முன்னாடி ஒரு தடவை வந்து, கம்பிப் பக்கம் இருந்த கிளையை மட்டும் மொட்டையா வெட்டிட்டுப் போனது யாரு? ஒரு பக்கம் மட்டும் சோறு போட்டு வளர்த்தா உடம்பு அந்தப் பக்கம்தான் பெருக்கும். எடை பூரா வீட்டுப் பக்கம் வந்துச்சு. அவங்களே சாய்ச்சுட்டு, சாஞ்சிருக்குன்னு அவங்களே சர்டிபிகேட்டும் குடுக்கறாங்க.

வெட்டற முறைன்னு ஒண்ணு இருக்கு மக்கா. கிளையை நட்டநடுவுல அரிவாளால போட்டா அடியில ஒரு கட்டை மிஞ்சும். அந்தக் கட்டை அழுக ஆரம்பிக்கும். மரம் பதறிப்போய், அதைச் சுத்தி தூங்கிட்டு இருந்த மொட்டையெல்லாம் எழுப்பி விடும். ஒரு கிளை இருந்த எடத்துல பத்துப் பதினஞ்சு போத்து கிளம்பும், எல்லாம் நேரா மேல, படு வேகமா, பலமே இல்லாம. அடுத்த வருஷம் மழைக்குள்ள பழைய கிளையை விட மோசமாக் கம்பியில உரசும். மறுபடி வெட்டு, மறுபடி போத்து. நம்ம பாஷையில சொன்னா, பக்கை மூடறதுக்குப் பதிலா எர்ரர் மெசேஜை மட்டும் கமெண்ட் பண்ணி விடற வேலை. அலெக்ஸ் ஷைகோன்னு அமெரிக்க வனத்துறையில ஒருத்தர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்க அறுத்துப் பார்த்தவர். மனுஷத் தோல் மாதிரி மரம் காயத்தை ஆத்தாது, சுத்திச் சுவர் எழுப்பி அடைக்கும்னு சொன்னது அவர்தான். அவர் சொன்னபடி, கிளை தாய்க்கிளையோட சேர்ற எடத்துல இருக்கற அந்த வீங்கின கழுத்தை விட்டு வெட்டினா மரமே சுவர் கட்டிக்கும். கம்பி பக்கம் போற கிளையை அதோட பிறப்புல எடுத்து, வேற திசையில போறதை விட்டு வெச்சா, நாலைஞ்சு வருஷத்துல மரமே கம்பியை விட்டு விலகி வளரப் பழகும். இதுக்கு ராக்கெட் சயின்ஸ் வேண்டாம். வெட்டறவருக்கு ரெண்டு நாள் பயிற்சி போதும்.

வெட்ட வந்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லை, அதையும் சொல்லிடறேன். கான்ட்ராக்ட் ஆளுங்க. இடுப்புல ஒரு கயிறு, கால்ல செருப்பு, அவ்வளவுதான். அந்த உயரத்துல, அந்தக் கம்பிக்குப் பக்கத்துல, லைன் ஆஃப்னு யாரோ போன்ல சொன்னதை நம்பி ஏறுறாங்க. ஒருத்தர் அம்மாகிட்ட, "பழம் காலத்துல வந்திருந்தா எனக்குக் கை வந்திருக்காதும்மா"ன்னு சொல்லியிருக்கார். அம்மா அவங்களுக்கு மோர் குடுத்தாங்களாம். என் அம்மா அப்படித்தான்.

"சரிப்பா, வேற என்னதான் வழி?"ன்னு கேப்பீங்க. வழி இருக்கு. வெறும் கம்பிக்குப் பதிலா உறை போட்ட கம்பி, கிளை லேசா உரசினாலும் உடனே ஃபால்ட் ஆகாது. மூணு வயரையும் இன்சுலேஷனோட ஒரு தாங்கு கம்பியில முறுக்கி இழுக்கற ஏரியல் பஞ்ச்டு கேபிள்னு ஒண்ணு இருக்கு. நம்ம நாட்டுல எத்தனையோ ஊர்ல கொக்கி போட்டுக் கரண்ட் திருடறதைத் தடுக்கவே அதைத்தான் இழுத்திருக்காங்க. திருடனுக்குப் பயந்து போடற கேபிளை ஒரு மரத்துக்காகப் போட்டா ஆகாதா? அதுவும் வேண்டாம், கம்பத்தோட தலையில குறுக்குச் சட்டத்தை ஒரு பக்கமா நீட்டிக் கம்பியைத் தெருப் பக்கம் தள்ளலாம். தெரு முழுக்கக் கூட வேண்டாம் சாமி, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஸ்பான்!

செலவு ஆகும்தான். இங்கதான் நான் என் முதுகையும் காட்டணும். 2022-லயே அப்பா கரண்ட் ஆபீஸ்ல போய்க் கேட்டிருக்கார். லைனை நகர்த்தித் தரலாம், ஆனா முழுச் செலவும் நாங்கதான் கட்டணும்னு ஒரு எஸ்டிமேட் சொன்னாங்க. என் ரெண்டு மாசச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கம்மி. அப்பா கட்டிடலாம்னு சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். "மரம் முந்தி வந்தது, கம்பி பிந்தி வந்தது, நாம ஏன்ப்பா கட்டணும்? சட்டம் நம்ம பக்கம்"னு போன்லயே அரை மணி நேரம் லெக்சர். இப்பவும் என் வாதத்துல ஓட்டை இருக்கறதா எனக்குத் தெரியல. ஆனா அதே வருஷம் நான் தவணையில ஒரு பைக் வாங்கினேன். வாதம் என் பக்கம் பத்திரமா இருக்கு, பைக்கும் இருக்கு.

நான் சட்டம் பேசினேனே தவிர, சட்டத்துக்கு வேண்டிய ஒரு வேலையும் செய்யல. அந்தப் போட்டோவை வெச்சு ஒரு மனு எழுதி முன்கூட்டியே கொடுத்திருக்கலாம். அப்பாகிட்ட, 'எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மரம் போன பிறகுதான் தகவல் உரிமைச் சட்டம் ஞாபகம் வந்துச்சு. பத்து ரூபாய் கட்டி, இந்த லைன் எந்த வருஷம் போட்டீங்கன்னு கேட்டேன். அந்த விவரம் அடங்கிய ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லைன்னு பதில் வந்துச்சு. கம்பி எப்ப பொறந்துச்சுன்னு கம்பிக்குச் சொந்தக்காரங்களுக்கே தெரியாதாம். எங்க மரத்துக்காவது போட்டோ இருக்கு!

அடுத்த கோஷ்டிக்கு வர்றேன். 'ஒண்ணு போனா என்ன, பத்து கன்னு நடுவோம்' கோஷ்டி. இதுல நம்ம பதிவர்கள் நிறையப் பேர் இருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க. விதை போட்டு வந்த நாவ மரம் காய்க்கவே எட்டு, பத்து வருஷம் ஆகும். எங்க மரம் குடுத்த நிழலை அது குடுக்க என் வயசு ஆகும். ஆனா என் பிரச்சினை அது கூட இல்லை. போன வருஷம் எங்க தெருவுலயே ஒரு கன்னு நடும் விழா நடந்துச்சு. மைக்செட், மாலை, செல்பி. நட்ட எடம் எது தெரியுமா? அதே 11 கே.வி. லைனுக்கு நேர் கீழ! எல்லாம் நாப்பது அடி வளர்ற ஜாதி. இன்னும் பத்து வருஷத்துல அரிவாளுக்கு இப்பவே அப்பாயின்ட்மெண்ட் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. நட்டவங்களுக்கு மேல பார்க்க நேரம் இல்லை, எல்லாரும் கேமராவைப் பார்த்துட்டு இருந்தாங்க.

புயல் பத்தியும் சொல்லணும், இல்லாட்டி ஒருத்தர் கட்டாயம் 'கஜா'ன்னு வருவார். 2016 டிசம்பர்ல வர்தா சென்னையில மரங்களைப் பெயர்த்துப் போட்டதையும், 2018 நவம்பர்ல கஜா டெல்டாவைப் புரட்டினதையும் பார்த்தவன்தான் நானும். கஜா சமயத்துல புதுக்கோட்டைப் பக்கம் எங்க சித்தி வீட்டுல பல நாள் கரண்ட் இல்லை. வயல்ல சேறுல இறங்கிக் கம்பம் நட்ட லைன்மேன்களை அந்த ஊர் ஜனங்க சாமி மாதிரி பார்த்தாங்க. நியாயம்தான். ஆனா அப்போ கம்பங்கள் மரம் விழுந்து மட்டுமா சாஞ்சுது? பக்கத்துல ஒரு செடி கூட இல்லாத வயல்வெளியில நின்ன கம்பமும்தான் வரிசையா மடங்கிக் கிடந்துச்சு. காத்து மேல கேஸ் போட முடியாது, மரம் மேல போடலாம். அதான் விஷயம்.

நடுவுல ஒரு சின்ன ஜோக். 2021 ஜூன்ல, கம்பியில அணில் ஓடறதாலயும் கரண்ட் போகுதுன்னு அப்போதைய மின்துறை அமைச்சர் சொன்னதும் ஊரே சிரிச்சுது, மீம் பறந்துச்சு. உண்மையில அவர் சொன்னது தப்பில்லை, ரெண்டு கம்பியை அணில் ஒரே நேரத்துல தொட்டா ஷார்ட்தான். ஆனா இந்த அலுமினியக் கம்பி வகைகளுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேர் என்ன தெரியுமா? ராபிட், வீசல், ரக்கூன், டாக்... சின்ன சைஸ்ல ஒண்ணுக்குப் பேரே ஸ்குவிரல், அதாவது அணில். காட்டை அழிச்சுக் கம்பி இழுத்துட்டு, கம்பிக்குக் காட்டு மிருகம் பேரை வெச்சிருக்கான் பாருங்க. எங்க மரத்துல இருந்த நிஜ அணில் ரெண்டு நாள் காம்பவுண்டு சுவர் மேல அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிட்டு இருந்துச்சாம். மூணாம் நாள் காணோம்னு அம்மா சொன்னாங்க.

நான் குடியிருக்கற பெங்களூரைத் திட்டாத நாள் கிடையாது. டிராஃபிக், தண்ணி, வாடகை, எல்லாம். ஆனா கர்நாடகாவுல 1976-லயே மரப் பாதுகாப்புச் சட்டம் போட்டு, சில வகை மரங்களைத் தவிர, சொந்த எடத்துல நிக்கற மரத்தை வெட்டணும்னாலும் மர அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும்னு வெச்சிருக்காங்க. அதை மீறி அங்க எவ்வளவு மரம் போகுதுன்னு நானே தினம் பார்க்கறேன், அது வேற கதை. கேக்கறதுக்கு ஒரு நாற்காலியாவது இருக்கு, எதிர்த்து மனு குடுக்க ஒரு விலாசமாவது இருக்கு. மலைப்பகுதி மரங்களைக் காப்பாத்த 1955-லயே சட்டம் போட்ட மாநிலம் நம்முது. ஆனா எங்க ஊரு மலையில இல்லையே! மலைக்கோட்டைதான் பக்கத்துல இருக்கு :-( கூப்பிடு தூரத்துல திருவானைக்காவல். அங்க ஒரு வெண்ணாவல் மரம்தான் தலவிருட்சம், சாமியே ஜம்புகேஸ்வரர், நாவல் மரத்து ஈஸ்வரர். கோயிலுக்குள்ள நின்னா தலவிருட்சம், கொல்லையில நின்னா லைனுக்கு இடைஞ்சல். இந்த நாட்டுக்கே ஒரு காலத்துல நாவலந்தீவுன்னு பேராம். யாராச்சும் சிரிங்கப்பா.

உங்க வீட்டுல, கம்பிக்குப் பக்கத்துல, கம்பிக்கு முன்னாடி பொறந்த மரம் இருந்தா நான் செய்யாததை நீங்க இன்னிக்கே செய்ங்க. பழைய ஆல்பத்தைத் தோண்டி, கம்பி இல்லாத வானத்தோட மரம் நிக்கற ஒரு போட்டோ எடுங்க. அதோட ஒரு மனுவை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்க. கவாத்து பண்ண வந்தா வரவேற்று மோர் குடுங்க, ஆனா எந்தக் கிளையை எங்க வெட்டணும்னு கூட நின்னு காட்டுங்க. முக்கியமா, ஊர்ல தனியா இருக்கற அப்பா அம்மாகிட்ட வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்துக் கிடையாதுன்னு சொல்லி வைங்க. உத்தரவு இருந்தா காட்டுங்கன்னு கேக்கச் சொல்லுங்க. கேக்கறது அவமரியாதை இல்லைன்னு அவங்களுக்குப் புரிய வைக்கறதுதான் இதுல பெரிய வேலை.

நான் கோட்டாட்சியருக்கு இழப்பீடு கேட்டு மனு போட்டிருக்கேன். அந்தச் சம்மதக் கடிதத்தை வெச்சே என் மனுவை அடிப்பாங்கன்னு தெரியும். எவ்வளவு கேட்டிருக்கேன்னு ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான். தொகை எதுவும் போடல, நீங்களே நிர்ணயிங்கன்னு எழுதியிருக்கேன். ஒரு நாவ மரத்துக்கு அரசாங்கம் என்ன விலை சொல்லும்னு எனக்கே தெரிஞ்சுக்கணும். விறகு விலையா, சந்தையில இப்ப கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல விக்கற பழத்து விலையா, இல்ல கொல்லைப் பக்கம் இப்ப மத்தியானத்துல அடிக்கற வெயிலுக்கு ஒரு விலையா?

அடிமரத்தைத் தோண்டி எடுக்காம விட்டுட்டுப் போயிட்டாங்க. நாவல் வெட்டினா துளிர்க்கற ஜாதி. கார்த்திகை மழையில சுத்தியும் சிவப்பா துளிர் வந்து, இப்போ இடுப்பு உயரம். அம்மா அரிசி கழுவின தண்ணியை அங்கதான் ஊத்தறாங்க. போன வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்கு வந்த லைன்மேன் அதைப் பார்த்துட்டு, "இதையும் இப்பவே எடுத்துட்டா உங்களுக்கும் தொல்லை இல்லீங்கம்மா"ன்னாராம். அம்மா ஒண்ணும் பேசாம உள்ள போய், பெரியத்தை கல்யாண போட்டோவை எடுத்துட்டு வந்து அவர் கையில குடுத்திருக்காங்க.